தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழிலாளியின் தவறு

வேலையின்போது காயமுற்ற தொழிலாளிக்கும், உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் பணம் வழங்க வகைசெய்யும் இழப்பீட்டுச் சட்டங்கள், விபத்து யாருடைய தவறால் நேர்ந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவைப்பதையே தம் அடிப்படைக் கொள்கையாகக் கொண்டவை. முதலாளி குற்றமற்றவராக இருந்தாலும் அவர் பணம் தர வேண்டும், தொழிலாளி கவனக்குறைவாக இருந்திருந்தாலும் அவர் பெற வேண்டும் என்பதே இச்சட்டங்களின் பேரம். ஆனால் இந்தப் பேரம் பெரும்பாலான நாடுகளில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. முதலாளியின் தவறைக் கேட்க மறுத்த சட்டங்களே தொழிலாளியின் தவறைக் குறிப்பிட்ட சில இடங்களில் மீண்டும் கேட்கத் தொடங்கின. இந்தியச் சட்டம் அதை எவ்வளவு தூரம் கேட்கிறது, எந்த வாசல் வழியாகக் கேட்கிறது என்பதை, அது பிறந்த ஆங்கிலச் சட்டத்தின் பின்னணியோடு சேர்த்துப் பார்க்கும்போது, சட்டம் வெளிப்படையாகப் பட்டியலிட்ட விலக்குகளைக் காட்டிலும் பட்டியலில் இல்லாத ஒரு கோட்பாடே தொழிலாளிக்கு அதிக இடர் தந்திருக்கிறது என்பது புலப்படும்.

இழப்பீட்டுச் சட்டங்கள் தோன்றுவதற்கு முன் இங்கிலாந்தில் காயமுற்ற தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பித்து உரிமையியல் வழக்கில் வென்றாக வேண்டியிருந்தது. அவ்வழக்கில் முதலாளிக்கு மூன்று வாதங்கள் தயாராக இருந்தன. முதலாவது, உடன் வேலை செய்யும் மற்றொரு தொழிலாளியின் தவறால் நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்ற பொதுப்பணிக் கோட்பாடு. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய இறைச்சிக் கடைக்காரரின் வண்டி உடைந்து வேலையாளின் தொடை எலும்பு முறிந்த 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கிலிருந்து இக்கோட்பாடு வளர்ந்தது. அமெரிக்காவில் 1842இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா ஒரு ரயில்வே ஊழியரின் வழக்கில் இதையே ஏற்றார். இரண்டாவது, ஆபத்தை அறிந்தே வேலையில் சேர்ந்தவர் அந்த ஆபத்துக்கு இசைந்தவராவார் என்ற வாதம். மூன்றாவது, விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவும் ஓரளவேனும் காரணமாக இருந்தால் அவருக்கு ஒரு காசும் கிடையாது என்ற பங்களிப்புக் கவனக்குறைவு விதி. தவறின் அளவுக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கும் முறை இங்கிலாந்தில் 1945இல்தான் சட்டமாயிற்று; அதுவரை நூற்றில் ஒரு பங்குத் தவறும் நூறு பங்குத் தவறும் ஒன்றே. இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் இறந்தவரின் குடும்பத்துக்கு வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தந்தபோதிலும், அதற்கும் எதிராளியின் தவறை மெய்ப்பிப்பது தேவையாக இருந்தது.

இந்த நிலையை முதலில் உடைத்தது பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி. 1884ஆம் ஆண்டின் விபத்துக் காப்பீட்டுச் சட்டம், காயத்தைத் தானே வேண்டுமென்று உண்டாக்கிக்கொண்டவரை மட்டும் விலக்கி, ஏனைய தவறுகள் எதையும் பொருட்படுத்தவில்லை. தடைசெய்யப்பட்ட செயலைச் செய்ததனாலேயே ஒரு விபத்து காப்பீட்டு வரம்பிலிருந்து நீங்கிவிடாது என்று இன்றைய ஜெர்மன் சட்டமும் வெளிப்படையாகவே சொல்கிறது. இங்கிலாந்து 1897இல் அத்துணை தூரம் போகத் துணியவில்லை. ரயில்வே, தொழிற்சாலை, சுரங்கம் போன்ற சில துறைகளுக்கு மட்டும் இழப்பீட்டை அறிமுகப்படுத்திய அச்சட்டம், தொழிலாளியின் கடுமையானதும் வேண்டுமென்றே செய்ததுமான முறைகேட்டால் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு இல்லை என்றது. அமெரிக்காவில் எதிர்ப்பு வேறு வடிவில் வந்தது. தவறு செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது அவருடைய சொத்தைச் சட்டவழியின்றிப் பறிப்பதாகும் என்று கூறி, நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று அம்மாநில இழப்பீட்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மறுநாளே அந்நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டனர். மாநில அரசியலமைப்பைத் திருத்திப் புதிய சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'கடுமையான, வேண்டுமென்றே செய்த முறைகேடு' என்ற சொற்றொடரை ஆங்கில நீதிமன்றங்கள் தொழிலாளிக்குச் சாதகமாகவே குறுக்கின. சுமை கொண்டுசெல்பவர் மட்டுமே பயன்படுத்த வேண்டிய மின்தூக்கியில் விதியை மீறி ஏறி உயிரிழந்த ஒரு தொழிலாளியின் வழக்கில், பிரபுக்கள் அவை 1906இல், விளைவு கடுமையாக இருப்பதனால் முறைகேடு கடுமையானதாகிவிடாது என்றும், விதிமீறல் ஒன்றே வேண்டுமென்று செய்த கடும் முறைகேடாகாது என்றும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த புதிய சட்டம், மரணமோ கடுமையான நிரந்தர ஊனமோ விளைந்தால் முறைகேட்டைப் பற்றிய கேள்வியே எழாது என்றும் ஆக்கிவிட்டது.

இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2010 முதல் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் பெற்றது. இதை வரைந்தவர்கள் 'முறைகேடு' என்ற விரிந்த சொல்லைக் கையாளாமல் மூன்று நிலைமைகளை மட்டும் மூன்றாம் பிரிவில் குறிப்பிட்டனர்: விபத்து நேரத்தில் தொழிலாளி மது அல்லது போதைப்பொருளின் பிடியில் இருந்தது, தொழிலாளர் பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இட்ட ஆணைக்கோ வகுத்த விதிக்கோ வேண்டுமென்றே கீழ்ப்படியாதது, பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது என்று தெரிந்திருந்தும் ஒரு காப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது அல்லது புறக்கணித்தது. இவற்றுள் ஒன்றுக்கு விபத்து நேரடியாக உரியதாக இருந்தால் முதலாளி பொறுப்பிலிருந்து விடுபடுவார். சாதாரணக் கவனக்குறைவு, அவசரம், தூக்கக் கலக்கம், அனுபவமின்மை ஆகிய எதுவும் இப்பட்டியலில் இல்லை. எனவே கவனமாக இருந்திருந்தால் விபத்து நேர்ந்திராது என்று முதலாளி எவ்வளவு உறுதியாக மெய்ப்பித்தாலும் இழப்பீட்டில் ஒரு ரூபாயும் குறையாது.

பட்டியலின் ஒவ்வொரு சொல்லும் எல்லை வகுக்கும் வேலையைச் செய்கிறது. 'வெளிப்படையாக இட்ட ஆணை' என்பதால், அந்த வேலையைச் செய்பவர் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பொது அறிவு ஆணையாகாது. தொழிலாளி படித்தறிய முடியாத மொழியில் சுவரில் ஒட்டிய அறிவிப்புத்தாளும் எளிதில் ஆணையாகிவிடாது. 'பாதுகாப்புக்காக' என்பதால், உற்பத்தியையோ ஒழுங்கையோ கருதி வகுத்த விதியை மீறியது கணக்கில் வராது. 'நேரடியாக' என்பதால், குடித்திருந்தவர் மீது மேலிருந்து இரும்புத் தூலம் விழுந்தால் குடி அந்த விபத்துக்குக் காரணமாகாது. வாயில் மது நெடி வீசியது என்ற ஒரு வரியைக் கொண்ட மருத்துவக் குறிப்பு அத்தொடர்பை நிறுவாது. வாகனச் சட்டத்தில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று மதுவுக்கு அளவு இருப்பதுபோல் இழப்பீட்டுச் சட்டத்தில் எந்த அளவும் இல்லை. கேள்வி அளவைப் பற்றியதன்று, காரணத்தைப் பற்றியது. இவை விலக்குகள் ஆதலால் மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் அவற்றை எழுப்பும் முதலாளியையோ காப்பீட்டு நிறுவனத்தையோ சேர்ந்தது.

மூன்றாவது விலக்கே தொழிற்கூடங்களில் அதிகச் சச்சரவுக்கு உரியது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் இயந்திரத்தில், கை அச்சுக்குள் (டைக்குள்) இருக்கும்போது இயந்திரம் இறங்காதபடி தடுக்கும் காப்பு இருக்க வேண்டும்; இரு கைகளாலும் ஒரே நேரத்தில் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் இயங்கும் அமைப்பு அவற்றுள் ஒன்று. ஒரு பொத்தானை நிலையாக அழுத்தி வைத்துக் கட்டிவிட்டால் மற்றக் கை விடுபடும், எண்ணிக்கை கூடும். இப்படிக் கட்டிய தொழிலாளியின் விரல்கள் நசுங்கும்போது 'வேண்டுமென்றே அகற்றியது' என்ற சொல் நேராகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் மணிக்கு இத்தனை எண்ணம் என்று இலக்கு வைத்தவர் யார், பொத்தான் கட்டப்பட்டிருப்பதைப் பல மாதங்களாகப் பார்த்தும் பேசாதிருந்த மேற்பார்வையாளர் யார் என்று கேட்டால் பொருத்தம் தளர்ந்துவிடும். மீறப்படுவதை அறிந்தும் அமல்படுத்தாமல் விட்ட விதி, விபத்து நடந்த நாளன்று மட்டும் உயிர்பெற்று எழுவதை ஏற்க முடியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வைப்பதோடு, இயங்கும்போது அத்தடுப்பு இடத்திலேயே இருக்கச் செய்வதையும் ஆலை நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. சாதனத்தில் வேண்டுமென்றே குறுக்கிடும் தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது நூறு ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே சட்டம் தனியே தண்டனை வைத்திருந்த நிலையில், விரல்களுக்கான இழப்பீட்டையும் மறுப்பது குற்றத்துக்கும் தண்டனைக்கும் உள்ள விகிதத்தையே குலைப்பதாக இருந்தது.

இதைவிடத் தீவிரமான கேள்வி, விளைவின் அளவைப் பொறுத்து விலக்கு தோன்றி மறைவதில் இருக்கிறது. தொடக்கத்தில் மூன்று விலக்குகளும் மரணத்துக்கும் பொருந்தின. 1933இல் வந்த திருத்தம் மரணத்தை அவற்றிலிருந்து நீக்கியது. இறந்த தொழிலாளி குடித்திருந்தாலும், ஆணையை மீறியிருந்தாலும், காப்பைக் கழற்றியிருந்தாலும் அவருடைய குடும்பத்தின் உரிமை குறையாது. பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில், மருந்தைக் கையாளும்போது உராய்வு ஏற்பட்டது, தொழிலாளி விதியை மீறினார் என்ற விளக்கம் முதல் செய்தியிலேயே வெளிவருவது சிவகாசி வட்டாரத்தினர் நன்கு அறிந்தது. இறந்தவர்களின் இழப்பீட்டைப் பொறுத்தவரை அந்த விளக்கத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது என்பது அவர்களுக்கு அந்த அளவு தெரிந்ததாகத் தோன்றவில்லை. 1995இல் மற்றொரு திருத்தம் நிரந்தர முழு ஊனத்தையும், அதாவது விபத்துக்கு முன் செய்யக்கூடியதாயிருந்த எந்த வேலையையும் இனிச் செய்யவியலாத நிலையையும், அதே பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது.

இதன் விளைவாக ஒரு விசித்திரமான படிக்கட்டு உருவாகியுள்ளது. முப்பது வயதுள்ள, மாதம் 15,000 ரூபாய் ஊதியத்தின்மேல் கணக்கிடப்படும் தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். அவர் வயதுக்குரிய பெருக்கு எண் 207.98, நிரந்தர முழு ஊனத்துக்கு ஊதியத்தின் 60 விழுக்காட்டை அவ்வெண்ணால் பெருக்க 18,71,820 ரூபாய் வரும். சட்டத்தின் அட்டவணை இரு கைகளின் இழப்பை 100 விழுக்காடு என்றும், ஒரு கையின் இழப்பை 60 விழுக்காடு என்றும், கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடு என்றும் மதிப்பிடுவதால், ஒரு கைக்கு 11,23,092 ரூபாயும் கட்டைவிரலுக்கு 5,61,546 ரூபாயும் உரியவை. விலக்கு மெய்ப்பிக்கப்பட்டால் ஒரு கை இழந்தவருக்கும் கட்டைவிரல் இழந்தவருக்கும் ஒன்றும் இல்லை. அதே செயலைச் செய்து இரு கைகளையும் இழந்தவருக்கு முழுத் தொகையும் உண்டு. தவறைத் தண்டிப்பதுதான் நோக்கம் என்றால் மூவரும் சமமாகத் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். வறுமையிலிருந்து காப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு கையோடு பட்டறைக்குத் திரும்ப முடியாதவரையும் காத்திருக்க வேண்டும். இரண்டு நோக்கங்களையும் பாதிப்பாதியாக ஏற்றதால் வந்த முரண் இது.

இம்முரணைக் குறைக்க ஒரு வழியை நீதிமன்றமே, வேறொரு சூழலில், முன்னரே திறந்து வைத்திருந்தது. சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இடக் கையை இழந்த தச்சர் ஒருவர் தொடர்புடைய பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1975இல், அட்டவணையின் விழுக்காடு என்னவாக இருந்தாலும் ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்ற, இழப்பீட்டு வழக்கை விசாரித்த ஆணையரின் முடிவை உறுதிசெய்தது. தொகையைக் கூட்டுவதற்காக எழுந்த இவ்வாதம், 1995க்குப் பின் விலக்கிலிருந்து தப்புவதற்கும் வழியாகிறது. அத்தச்சரைப் போன்ற ஒருவர் ஆணையை மீறியிருந்தாலும் இன்று அவருடைய உரிமையைத் தொட முடியாது.

பட்டியலிட்ட விலக்குகள் இவ்வாறு ஒடுங்கிக்கொண்டே வர, தொழிலாளியின் தவறு வேறொரு வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. விபத்து 'வேலையின்போதும் வேலையிலிருந்தும்' எழுந்திருக்க வேண்டும் என்பது இழப்பீட்டின் முதல் நிபந்தனை. முன்னது காலத்தையும் இடத்தையும் குறிப்பது. பின்னது வேலைக்கும் விபத்துக்கும் உள்ள காரணத் தொடர்பைக் குறிப்பது. தடைசெய்யப்பட்ட ஒன்றைத் தொழிலாளி செய்தால், அவர் வேலைக்கு இயல்பாக உரிய ஆபத்தைக் கடந்து ஒரு கூடுதல் ஆபத்தைத் தாமே வரவழைத்துக்கொண்டவராகிறார், ஆகவே அவ்விபத்து வேலையிலிருந்து எழுந்ததாகாது என்பதே கூடுதல் ஆபத்துக் கோட்பாடு. வேலையிடத்துக்கு விரைவாகப் போவதற்காகத் தடையை மீறி நிலக்கரித் தொட்டியில் ஏறிச் சென்று சுரங்கக் கூரையில் தலை மோதி இறந்த சிறுவனின் வழக்கில், 1912இல் பிரபுக்கள் அவை இவ்வகையில் இழப்பீட்டை மறுத்தது. சிறுவர்கள் அப்படிப் போவது அங்கு வழக்கமாக இருந்ததும் அவனுக்கு உதவவில்லை. நின்றிருந்த ரயில் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து தண்டவாளத்தைக் கடக்க முயன்று இறந்தவரின் வழக்கில், 1917இல், காயத்துக்குக் காரணமான செயலைச் செய்வதோ அந்த இடரை ஏற்பதோ அவருடைய வேலையின் பகுதியாக இருந்ததா என்ற அளவுகோல் வகுக்கப்பட்டது.

இக்கோட்பாட்டின் அபாயம் வெளிப்படை. முறைகேடு விலக்கை மரணத்துக்குப் பொருந்தாததாகச் சட்டமன்றம் ஆக்கியிருந்தபோதும், அதே முறைகேட்டை 'வேலையிலிருந்து எழவில்லை' என்ற பெயரில் எழுப்பினால் மரண வழக்கும் தோற்றுவிடுகிறது. அதோடு, இது விலக்கு அல்லாமல் முதல் நிபந்தனையாக இருப்பதால் மெய்ப்பிக்கும் சுமையும் தொழிலாளியின் பக்கம் வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1923இல் இவ்வாசலை அடைத்தது: விதியை மீறியோ ஆணையின்றியோ செய்த செயலானாலும், அது முதலாளியின் தொழிலுக்காகவும் அதனோடு தொடர்புடையதாகவும் செய்யப்பட்டிருந்தால், அவ்விபத்து வேலையிலிருந்து எழுந்ததாகவே கொள்ளப்படும் என்று சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் பிறந்த இந்தியச் சட்டத்தில் இந்த விதி சேரவில்லை. இந்திய நீதிமன்றங்கள் கூடுதல் ஆபத்துக் கோட்பாட்டை ஏற்றதும் உண்டு, ஒதுக்கியதும் உண்டு. ஒதுக்குவதற்கான வாதமே வலுவுடையது: கீழ்ப்படியாமை ஒருவரை வேலையின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடும் என்றால், கீழ்ப்படியாமைக்கென்று தனி விலக்கு ஒன்றைச் சட்டம் எழுதியிருக்கத் தேவையே இல்லை, எழுதியதோடு மரணத்தை அதிலிருந்து நீக்கியும் இருப்பதால், ஆணையை மீறியபோது நேர்ந்த விபத்தும் வேலையிலிருந்து எழக்கூடியது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தன் சொந்தப் பொழுதுபோக்குக்காக இயந்திரத்தோடு விளையாடியவரையும், வேலையை விரைந்து முடிப்பதற்காகக் குறுக்குவழியில் போனவரையும் பிரித்துப் பார்க்க இக்கோட்பாடு தேவையில்லை; செயலின் நோக்கம் யாருக்காக என்று கேட்டாலே போதும்.

மதுவைப் பற்றிய விலக்குக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிக் கசப்பு உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறக்கப்படுபவர்கள் நாற்றத்தைத் தாங்குவதற்காகக் குடித்துவிட்டு இறங்குவது பரவலாகப் பதிவானது. நச்சு வாயு தாக்கி இறந்தவரின் குடும்பத்தை இவ்விலக்கு தொடாது என்றாலும், பிழைத்து நுரையீரலோ கண்பார்வையோ ஓரளவு பழுதானவரை அது தொடக்கூடும். வேலையின் தன்மையே திணித்த குடியை, வேலைக்கு வெளியிலிருந்து வந்த தவறாகக் கருதும் நிலை அங்கு நேரும். மனிதர்களை இவ்வாறு இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இத்தகைய மரணத்துக்கு 30 லட்சம் ரூபாயும், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சமும், ஏனைய ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சமும் வழங்க ஆணையிட்டபோது, இறங்கியவரின் நடத்தையை நிபந்தனையாக்கவில்லை. ஆபத்து எங்கே விளைகிறது என்பதைத் தெளிவாகக் கண்ட அணுகுமுறை அது.

தொழிலாளியின் தவறுக்கு இவ்வளவு இடம் கொடுத்த சட்டம், முதலாளியின் தவறுக்குத் தொகையைக் கூட்டுகிறதா என்றால், இல்லை. தடுப்பே வைக்காத இயந்திரத்தில் கை போனாலும் தொகை 11,23,092 ரூபாய்தான். உரிய காலத்தில் பணம் கட்டாத முதலாளி 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணம் இல்லையெனில் தொகையில் பாதி வரை அபராதமும் செலுத்த நேரும். ஆனால் அது தாமதத்துக்கான விலை, விபத்துக்கானது அன்று. கலிஃபோர்னியாவின் சட்டம் இதில் சமநிலை காக்க முயல்கிறது: முதலாளியின் கடுமையான முறைகேட்டுக்கு இழப்பீடு பாதி கூடும், தொழிலாளியினுடையதற்குப் பாதி குறையும், மரணமோ 70 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட நிரந்தர ஊனமோ விளைந்தால் குறைப்பும் கிடையாது. முழுமையாக மறுப்பதற்குப் பதிலாகக் குறைப்பது என்ற இந்த இடைவழியை இந்தியச் சட்டம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இழப்பீட்டுச் சட்டத்தை விட்டுவிட்டு முதலாளியின் கவனக்குறைவின்மேல் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும், பங்களிப்புக் கவனக்குறைவு அங்கே மீண்டும் எழும். சாலை விபத்திலும் இதுவே நிலை: வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தன் தவறால் தோற்கக்கூடிய லாரி ஓட்டுநர், இழப்பீட்டு ஆணையரிடம் அத்தவறையும் மீறி வெல்லலாம், இரு இடங்களிலும் கோர முடியாது.

தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின், அதாவது இ.எஸ்.ஐ.யின், நிலை இதற்கு நேர்மாறானது. அத்திட்டத்தை உருவாக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் மது, கீழ்ப்படியாமை, காப்பகற்றல் என்ற விலக்குகள் இடம்பெறவில்லை. 1966இல் சேர்த்த பிரிவுகள், வேலையின்போது நேர்ந்த விபத்து மாறான சான்று இல்லாதவரை வேலையிலிருந்தே எழுந்தது என்று ஊகிக்கச் சொல்வதோடு, பிரிட்டனின் 1923ஆம் ஆண்டு விதியை ஏறத்தாழ அப்படியே ஏற்று, முதலாளியின் தொழிலுக்காகச் செய்த விதிமீறலையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தன. இதற்கு ஈடாக, இ.எஸ்.ஐ.யில் உள்ளவர் முதலாளியிடம் வேறெந்த இழப்பீட்டையும் கோர முடியாது; கவனக்குறைவுக்கான உரிமையியல் வழக்கும் தடைப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. தவறை இரு பக்கமும் ஒதுக்கும் பழைய பேரத்துக்கு இந்தியாவில் மிக அருகில் வருவது இத்திட்டமே.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 இவ்விரு சட்டங்களையும் ஒரே நூலுக்குள் சேர்த்தது. ஆனால் 1923ஆம் ஆண்டின் மூன்று விலக்குகளை ஓர் அத்தியாயத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, இ.எஸ்.ஐ.யின் தாராளமான விதிகளை மற்றோர் அத்தியாயத்தில் தனியே விட்டிருக்கிறது. எந்த அத்தியாயம் யாருக்கு என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையும் ஊதிய வரம்பும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறையில், 2017 முதல் உள்ள 21,000 ரூபாய் வரம்புக்குள் சம்பளம் வாங்கும் பவர் பிரஸ் தொழிலாளி பொத்தானைக் கட்டி வைத்து விரலை இழந்தால், வேலையை விரைவாக முடிக்கவே அதைச் செய்தார் என்பது அவருக்குத் துணை நிற்கும். அதே இயந்திரத்தில் அடுத்த ஷிஃப்டில் நின்று, மூப்பின் காரணமாகச் சில நூறு ரூபாய் கூடுதலாக வாங்கி வரம்பைத் தாண்டிவிட்டவரோ, கட்டிய பொத்தான் தன் அறிவோடும் விருப்பத்தோடும் நேர்ந்ததன்று என்று இழப்பீட்டு ஆணையர் முன் வாதாடிக்கொண்டிருப்பார்.